அரைகுறையாகப் பழக்கத் தெரியாதவன்

12.09.1983
யாழ்ப்பாணத்துக்கு மாற்றல் கேட்டு எழுதிய கடிதத்தை மனேஜர் இன்றும் வாசித்துவிட்டு மேசையிலேயே வைத்தார். ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு எங்கள் வங்கியின் கண்டிக் கிளையில், ஏற்றுமதிப் பகுதியில் மிஞ்சியவன் நான்தான். கந்தையா அண்ணரும் மகேந்திரராசாவும் கப்பலேறி யாழ்ப்பாணம் போனவர்கள் திரும்பவில்லை. என் மனுசி இரஞ்சிதமும் பிள்ளையும் அதே கப்பலில்தான் போனார்கள். உன் கதிரையில் இருக்க ஒருவரைப் பழக்கிவிட்டுப் போ என்கிறார் மனேஜர்.

14.09.1983
பழக்குவோம். வேறென்ன வழி?

05.03.1984
ஆறு மாதமாக நான் பழக்கிய குணதிலகவைக் கொழும்புத் தலைமைக் கந்தோர் எடுத்துக்கொண்டது! தொண்டை வற்றக் கற்பித்தேன். கெட்டிக்காரன் என்று பேர் அங்குவரை எட்டிவிட்டதாம். இலவு காத்த கிளியானேன்.
இனி மல்காந்தி என்றொரு பெண். இவளை அரைகுறையாகத்தான் பழக்குவது. கதிரை நிரம்பினால் போதும், கொழும்பு கண் வைக்கக்கூடாது.

02.04.1984
அயல்வீட்டுப் போனில் இரஞ்சிதம். "சித்திரை வருஷத்துக்கு வாறியளோ? பிள்ளை கேக்கிறாள்."
"பாப்பம்" என்றேன்.

17.07.1984
இன்று மனேஜர் என் மாற்றலில் கையெழுத்திடுவதாக இருந்தது.
கம்பளை வியாபாரி றவூப் நானாவின் கராம்பு ஏற்றுமதிப் பத்திரங்களைச் சரி என்று மல்காந்தி கொண்டுவந்தாள். கப்பலில் ஏற்றிய தேதி, வாங்குபவர் விதித்த கடைசி நாளைத் தாண்டியிருந்தது. அப்படியே அனுப்பினால் அந்த நாட்டு வங்கி நானாவுக்குப் பணம் தராது. இதைப் பார்க்க நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பேசாமல் இருந்தால்? பிழை வெளிவர நான் யாழ்ப்பாணத்தில் இருப்பேன்.
நானா எதிரே இருந்து, "நீங்க ஈக்கிற வரைக்கும் எங்களுக்குப் பயமில்ல தம்பி" என்றார்.
சொல்லிவிட்டேன். வாங்குபவருக்குத் தந்தி பறந்தது, கடைசி நாளை நீட்டித் தந்தார்கள். மனேஜர் பேனையை மூடினார். அவள் இன்னும் தயாரில்லையாம்.
அந்தாள் நட்டப்பட்டா எனக்கென்ன? ஏன்டா வாயைத் திறந்தனி — மனுசிபிள்ளை உனக்கு முக்கியமில்லையோ?

18.07.1984
மல்காந்தி அழுதாள். அவளில் பிழையில்லையே. மிச்சத்தையும் கற்பிக்கத் தொடங்கினேன், ஒன்றும் ஒளிக்காமல்.

11.02.1985
மல்காந்தி கொழும்புக்குப் போகிறாள். வெற்றிலை தந்து காலில் விழுந்து கும்பிட்டாள். நாட்டிலேயே வேகமாக வேலை நடக்கும் கிளை எங்களுடையதாம். மனேஜர் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். நாளை பழக இன்னொருவன் வருகிறான்.
பின்னேரம் போன் கிடைத்தது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டதாக இரஞ்சிதம் சொன்னாள். கிணறு இறைத்ததைச் சொன்னாள். முருங்கை காய்த்திருக்கிறதாம்.
எப்ப வாறியள் எண்டு கேக்கேல்லை.