ஜிகினா ஓடு கழற்றிய நாள்

மச்சான்,

போன வாரம் பாங்கில் என் மானம் போனது. நெட் பாங்கிங் பாஸ்வேர்டு மறந்துபோய், வரிசையில் நின்றபடியே கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். இருபது வருஷம் மிஷின் இரைச்சலில் கிடந்த காது, ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும். அந்தப் பெண் மரியாதையாகக் கேட்டாள்: “உங்க முதல் செல்லப் பிராணியோட பேர் என்ன சார்?”

“ஜிகினா.”

“சாரி சார், இன்னொரு வாட்டி?”

“ஜிகினாம்மா! ஜி… கி… னா!”

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. வாசலில் நின்ற வாட்ச்மேன் விடவில்லை. “இன்னா சார், நாயா?”

“நண்டுப்பா,” என்றேன். அதற்கப்புறம் அந்த வரிசையில் என்னை யாரும் மதிக்கவில்லை.

நீ இருந்திருந்தால் அன்று மாலையே உனக்குப் போன் போட்டிருப்பேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். பத்தாவதை இரண்டு தவணையில் முடித்தவன் எழுதும் மடல், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நாம் இருவரும் ஒரே மிஷினில் எட்டு வருஷம் வேலை செய்தோம், ஆனால் சேர்ந்து வேலை செய்ததே இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பாட்டில் மூடி அடிக்கும் மிஷின். நான் காலை ஷிஃப்டு என்றால் நீ மதியம், நீ காலை என்றால் நான் மதியம். எனக்கு ரிலீவர் நீ, உனக்கு ரிலீவர் நான். இரண்டு மணிக்குச் சார்ஜ் மாறும் அந்தப் பத்து நிமிஷம்தான் நம் சிநேகிதம். நான் எளாவூரிலிருந்து வருவேன், நீ பழவேற்காட்டிலிருந்து. உன் வீட்டில் எல்லோரும் மீனும் நண்டும் பிடிக்க ஏரிக்குப் போக, நீ மட்டும் மூடி அடிக்க வந்தாய்.

ஒருநாள் அந்தப் பத்து நிமிஷத்தில் நீ சொன்னாய்: “நைனா, டேசனாண்ட பிரவுசிங் சென்டர்ல ஒரு கேம் கீது. பூதம் வளக்கலாம், சண்ட வுடலாம். எதிர்ல ஆடுறவன் பிரேசில்ல குந்திக்கினு கீறான்.”

நான் நம்பவில்லை. ஷிஃப்டு முடிந்து போய்ப் பார்த்தேன். பார்த்த பிறகும் கொஞ்ச நேரம் நம்பவில்லை.

அந்த விளையாட்டில் படங்கள் அசையாது. இந்தப் பக்கம் நம் பிராணி, அந்தப் பக்கம் அவனுடைய பிராணி, நடுவே எழுத்து. என்ன அடி என்று நாம் ரகசியமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவனும் அதேபோல. இருவரும் தேர்ந்தெடுத்த பிறகுதான் யார் அடித்தது, யாருக்கு வலித்தது என்று ஒவ்வொரு வரியாக வரும். அந்த வரி வருவதற்குள் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். உலகத்தின் அந்தக் கோடியில் ஒருத்தன் யோசித்துக்கொண்டிருக்கிறான், அதுவும் என்னை நினைத்து! மூடி அடிப்பவனைப் பற்றி அதுவரை எந்த நாட்டுக்காரன் யோசித்தான்?

இதைப் பெரிய கம்பெனி எதுவும் செய்யவில்லை என்று நீ சொன்னபோது இன்னும் மலைத்துப் போனேன். ஏதோ ஒரு பிரபலமான விளையாட்டின் மேல் பைத்தியமானவர்கள், பல நாடுகளில் இருந்துகொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமலே, சம்பளம் இல்லாமல், தாங்களாகக் கட்டியது. “நம்ம சூப்பர்வைசர் கையில மட்டும் இத்த சொல்லிடாத. ஓவர்டைம் இல்லாம வேல செய்றவன் ஒலகத்துல கீறான்னு தெரிஞ்சா நம்மள தொலச்சிடுவான்,” என்றாய்.

விளையாட்டில் ஒரே கணக்கு, அதாவது ஒரே அக்கவுண்ட் திறந்து இருவரும் ஆடுவோம் என்றது உன் யோசனை. காலையில் ஒருவன், மதியத்துக்கு மேல் மற்றவன். மிஷின் மாதிரியே. அதற்கும் லாக் புக் போட்டோம், கம்பெனி லாக் புக்கின் கடைசிப் பக்கத்தில், பென்சிலில். சூப்பர்வைசர் ஒருநாள் அதைப் படித்துவிட்டு, “இன்னாய்யா இது, ‘தண்ணி ஜாதி கூட மோதாத, நெருப்பு ஜாதிய சும்மா அடி’ன்னு எழுதிக்கீது? எந்த மோல்டு இது?” என்று கேட்டார். நீ முகம் மாறாமல், “கூலிங் பிராப்ளம் சார்,” என்றாய்.

அப்புறம் அந்த விளையாட்டில் நடந்த ஒரு திருவிழாவுக்கு, பழைய ஆட்டக்காரர்களுக்கென்று ஒரு பிராணியைப் பரிசாகக் கொடுத்தார்கள். கணக்குக்கு ஒன்றுதான். பார்க்க நண்டு மாதிரி, உடம்பெல்லாம் மினுமினுப்பு. ஜிகினா என்று பேர் வைத்தது நீ. ஒரு வாரம், ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிரேசில்காரனோடு உனக்குப் போட்டியின் கடைசிச் சுற்று ஆட்டம். ஜிகினாதான் உன் நம்பிக்கை. புதன்கிழமை நீ எழுதி வைத்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது: “லெவல் 29. 30 வந்தா வளரப் பாக்கும். உடனே ஸ்டாப் பட்டன அமுக்கு. வளர வுடாத. குட்டியா இருந்தாத்தான் 36ல அந்தப் பெரிய அடி கத்துக்கும். பெருசானா கத்துக்காது.” வளர வுடாத என்பதன் அடியில் இரண்டு கோடு வேறு.

அன்று மதியம் ஒரு சண்டை ஜெயித்தேன். முப்பது வந்தது. ஸ்டாப் பட்டன் கண்ணெதிரே வந்து நின்றது. மற்ற பிராணிகள் வளரும்போது ஒரு வெள்ளை வெளிச்சம் வரும், படம் மாறும், அவ்வளவுதான். இதற்கு அப்படி இல்லை. எவரோ கைப்பட வரைந்து, இதற்கு மட்டும் அசைவு கொடுத்திருந்தார்கள். படம் அசைய ஆரம்பித்தது. என் விரல் மவுஸ் மேலேயே இருந்தது. அழுத்தவில்லை.

ஏன் என்று அப்போது எனக்கே தெரியாது. இப்போது யோசித்தால் ஒன்று தோன்றுகிறது. அந்த மாதம்தான் என் மகள் முதல் அடி எடுத்து வைத்தாள். நான் மிஷின் முன்னால் நின்றிருந்தேன். என் மனைவி பார்த்தாள், மாமியார் பார்த்தார், குழாய் ரிப்பேர் பண்ண வந்த ஆள்கூடப் பார்த்தான். பெற்ற அப்பன் மட்டும் பார்க்கவில்லை. ஒன்று கண்முன்னால் வளரும்போது கண்ணை எடுக்க எனக்கு மனசு வரவில்லை, மச்சான்.

மறுநாள் காலை சென்டரில் கரண்ட் இல்லை, நீ ஜிகினாவைப் பார்க்காமலேயே இரண்டு மணிக்குச் சிரித்துக்கொண்டே வந்தாய். நான் பொய் சொன்னேன்.

“பட்டன அமுக்குனேன். கேக்கல.”

“எத்தினி தபா அமுக்குன?”

“நாலஞ்சு தபா.”

நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். அப்புறம் என் தோளைத் தட்டினாய். “செரி வுடு நைனா. நீ இன்னா பண்ணுவ?”

அதோடு முடிந்திருக்க வேண்டியது. நீ விடவில்லை. பன்னிரண்டாவது பாஸான உன் இங்கிலீஷை எல்லாம் திரட்டி, அந்த விளையாட்டைக் கட்டியவர்களுக்குப் புகார் எழுதினாய்: பட்டன் வேலை செய்யவில்லை, எங்கள் பிராணியைத் திருப்பிக் கொடுங்கள். ஏதோ குளிர் நாட்டில் காலேஜ் படிக்கும் ஒரு பெண் பதில் போட்டாள். ராத்திரி பகலாகத் தேடியும் கோளாறு எதுவும் கிடைக்கவில்லையாம். உண்மையிலேயே அழுத்தினீர்களா என்று கேட்டிருந்தாள். நீ எழுதிய பதிலை அச்செடுத்து வந்து எனக்குக் காட்டினாய். “அழுத்தியது என் ரிலீவர். என் ரிலீவர் பொய் சொல்ல மாட்டான்.”

ரிலீவர் என்றால் என்ன என்று அவள் கேட்டாள். நீ பத்து வரியில் விளக்கினாய். ஒரு கணக்கை இரண்டு பேர் ஆடுவது விதிப்படி தப்பு என்பது உனக்கு அப்புறம்தான் உறைத்தது. அவள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. “உங்கள் ரிலீவரை நாங்கள் நம்புகிறோம்,” என்று எழுதிவிட்டு ஜிகினாவைத் திரும்பக் குட்டியாக்கிக் கொடுத்தாள். முகம் தெரியாத ஒருத்தி, பரீட்சையை விட்டுவிட்டு, என் பொய்யில் ஓட்டை தேடித் தேடி, கிடைக்காமல், கடைசியில் என்னை நம்பிவிட்டாள். அவள் பதிலை நீ அச்செடுத்துத் தந்த காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்குக் கால் தரையில் இல்லை. ஆச்சரியத்தில் பாதி, அவமானத்தில் பாதி.

ஞாயிற்றுக்கிழமைக்குள் முப்பத்து நாலு வரைதான் ஏற்ற முடிந்தது. அந்த அடியை அது கற்கவில்லை. ஒரே ஒரு அடியில் தோற்றாய். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த மாதம் விளையாட்டில் புதிதாக ஒன்று வந்தது. எந்தப் பிராணி வளரப் போனாலும் முதலில் கேட்கும்: “வளரட்டுமா? ஆம், வேண்டாம்.” நாம் பதில் சொல்லும்வரை காத்திருக்கும். கோளாறு கிடைக்காததால் இப்படி ஒரு காவல் போட்டார்களாம். அறிவிப்பின் அடியில் நம் கணக்குப் பேரைப் போட்டு நன்றி சொல்லியிருந்தார்கள். நீ அன்று ஷிஃப்டுக்கு முன்னாலேயே வந்து, நான் சாப்பிடும் நேரத்தில், அதைக் கேன்டீனில் ஒவ்வொரு மேசையாகச் சொல்லிக்கொண்டு போனாய். இருக்கிற பெரிய விளையாட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரு நொடி நின்று பதில் சொல்லிவிட்டுப் போகிறார்கள், என் பொய்க்காக! நான் சாம்பாரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜிகினாவுக்கு மட்டும் நீ கடைசிவரை “வேண்டாம்” என்றே அழுத்தினாய். சில வருஷத்தில் அந்த விளையாட்டையே மூடிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தபோது காமாலையில் உன் கண் மஞ்சளாகியிருந்தது. ஊசி போட வந்த நர்ஸிடம் என்னைக் காட்டிச் சொன்னாய்: “சிஸ்டர், இவன் என் ரிலீவர். இவன் ஒரு பட்டன அமுக்கினதால ஒலகம் பூரா ஒரு கேம மாத்தினாங்க, தெரியுமா?” அந்தப் பெண் சிரித்தாள். நானும் சிரித்தேன். பட்டன் சங்கதியைச் சொல்லிவிட அன்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தாலும் நீ சிரித்திருப்பாய் என்றுதான் நினைக்கிறேன். அதைவிட அதிகமாகச் சொல்ல ஆசைப்பட்டது வேறொன்று. பதறிப் பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தவன் கண்ணில் அது பட்டிருக்காது, அதைச் சொன்னால் பொய் தெரிந்துபோகும் என்று இத்தனை வருஷம் உனக்குத் தராமல் நானே வைத்துக்கொண்டேன். எத்தனை நண்டு ஓடு கழற்றுவதைப் பார்த்தவன் நீ, உனக்குத்தான் அது புரிந்திருக்கும்.

அன்று அந்தத் திரையில் ஜிகினா பழைய ஓட்டை விட்டு வெளியே வந்ததும் உடனே போய்விடவில்லை, மச்சான். நின்று, அந்தக் காலி ஓட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தது.