அக்கா செய்த க்ரீம்

ஜனவரி 8, புதன்

இன்று என் மனைவியின் விரல் கணுக்களில் ரத்தமே வந்துவிட்டது. நர்ஸ் வேலை, ஒவ்வொரு நோயாளியையும் தொட்ட பிறகு கை கழுவியாக வேண்டும். கடை க்ரீம் எதைப் போட்டாலும் எரிகிறதாம். நான் லிஃப்ட் மெக்கானிக். இரும்புக் கயிறு வறண்டு போகாமல் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. பெண்டாட்டியின் இரண்டு கைகளுக்கு ஒரு வழி தெரியாதா எனக்கு?

ஜனவரி 12, ஞாயிறு

தேங்காய் எண்ணெய், பாதாம் எண்ணெய், தேன்மெழுகு. அவ்வளவுதான் சாமான். கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து உருக்கினேன். முதல் தடவை மெழுகு கூடிப்போய்க் கல்லாகிவிட்டது.

"திரி போட்டா கரண்ட் போறப்ப ஏத்தலாம்" என்றாள்.

இரண்டாம் தடவை மெழுகைக் குறைத்து, இறக்கி, ஆற ஆற அடித்தேன். வெள்ளையாகத் திரண்டு வந்தது. பாட்டிலைத் துடைத்து வெயிலில் காயவைத்துத்தான் ஊற்றினேன். அவளிடமும் கறாராகச் சொன்னேன்: "பூசுறப்ப கையில ஈரம் இருந்தா நல்லது. ஆனா பாட்டிலுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி போகக்கூடாது. கரண்டியால எடு."

"சரிங்க சார்" என்றாள்.

ஜனவரி 19, ஞாயிறு

கை ஆறிவிட்டது! வார்டில் எல்லோரும் கேட்கிறார்களாம், ஒரு பெரிய பாட்டில் நிறையக் கொண்டுபோகிறாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜனவரி 23, வியாழன்

அவளைக் கூட்டிவர ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். கூட வேலை செய்யும் மூத்த நர்ஸ் என்னைப் பார்த்ததும் வந்தார்.

"தம்பி, உங்க வீட்ல இவளோட அக்கா செஞ்சு குடுத்த க்ரீம்ல என் கை பிழைச்சுது. என்ன கைராசி! நான் சொன்னேன்னு சொல்லிடுங்க."

அக்காவா? வெந்நீர் வைக்கவே பொறுமை இல்லாத அந்த மகராசியா? இவள் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். வாருக்கு ஒரு கேடும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"ஆம்பள அடுப்படியில நின்னு க்ரீம் கிண்டுறாருன்னா சிரிப்பாங்கங்க. உங்களைத்தான் கேலி பண்ணுவாங்க."

எனக்காகவாம்! யாரு கேட்டா? தோள்பட்டை விட்டுப்போற வரைக்கும் அடிச்சது யாரு? பேரு வாங்குறது யாரு?

ஜனவரி 24, வெள்ளி

காபியை நானே போட்டுக் குடித்தேன். அவளுடைய க்ரீம் டப்பா காலியாக இருந்தது. நிரப்பி மட்டும் வைத்தேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

அக்கா வந்திருந்தார். விஷயம் அவருக்கு முன்பே தெரியும் போலிருக்கிறது. வார்டின் பாராட்டையெல்லாம் இவள் சொல்லச் சொல்ல, மறுக்கவே இல்லை. மெல்ல நம்பவும் தொடங்கிவிட்டார். போகும்போது எனக்கு ஒரு யோசனை வேறு: "மெழுகைக் கொஞ்சம் குறைச்சுப் போடணும் தம்பி. இல்லேன்னா கெட்டியாயிடும்."

எனக்கு! என் அடுப்படியில் நின்றுகொண்டு, எனக்கே!

பிப்ரவரி 3, திங்கள்

வேலையில் என் கூட்டாளி கேட்டான்: "என்னப்பா, கை இவ்வளவு மெத்துன்னு இருக்கு?" அவனும் நானும் சேர்ந்துதான் எல்லா லிஃப்டும் பார்ப்போம். "வீட்ல அவ எதையோ செஞ்சு வச்சிருக்கா" என்றேன். லிஃப்ட் குழிக்குள் நின்றுகொண்டு கதை சொல்ல முடியுமா? அது வேறு விஷயம்.

பிப்ரவரி 6, வியாழன்

வார்டுக்குப் போன பாட்டில் திரும்பி வந்துவிட்டது. உள்ளே பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை. நர்சுகள் அதைக் கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். கழுவிய கையோடு ஆளாளுக்கு விரலை விட்டிருக்கிறார்கள். கரண்டி? அந்தப் பேச்சே இல்லை. இப்போது செய்தவரைக் கூப்பிடு என்கிறார்களாம். அக்காவுக்குப் போன் போட்டாள்.

"நானா செஞ்சேன்? என்னை எதுக்கு இழுக்கிறே?" என்று வைத்துவிட்டார்.

"நாளைக்கு அவங்ககிட்ட என்னங்க சொல்றது?"

"உங்க அக்காவையே கேளு."

எத்தனை நாளாக வாய்க்குள் வைத்திருந்த பதில்! சொன்ன சுகம் சாப்பிட்டு எழுந்திருக்கும் வரைகூட நிற்கவில்லை. அவள் சாப்பிடவில்லை. செய்தது என் புருஷன்தான் என்று சொன்னால் வாய் வெந்தா போய்விடும்? கோபம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் நாளை அத்தனை பேர் முன்னால் நிற்கப்போவது அவள்தானே.

பிப்ரவரி 7, வெள்ளி

மதியம் லிஃப்ட் மோட்டார் அறையில் இருந்தபோது அவளிடமிருந்து போன்.

"ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். எல்லாரும் இருக்காங்க." பிறகு அவர்களிடம் சொன்னாள்: "அக்கா இல்லைங்க. மொதல்லருந்தே செய்றது இவருதான். நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

யாரோ சிரித்தார்கள். அவள் சொன்னது சரிதான், சிரிக்கத்தான் செய்கிறார்கள்.

"தம்பி, எதனால கெட்டுச்சு?" மூத்த நர்சின் குரல்.

"ஈரக் கையை உள்ள விட்டா கெட்டுப்போகும்மா."

"கை கழுவறதே எங்க பொழப்பு. ஈரம் இல்லாம எப்படி இருக்கும்?"

நியாயம்தான். "அப்போ ஆளுக்கொரு சின்ன டப்பா, கரண்டியோட தர்றேன்" என்றேன்.

போனை வைத்துத் திரும்பினால் கூட்டாளி நிற்கிறான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.

"வீட்ல அவ செஞ்சான்னு சொன்னே?"

ஸ்பேனரைத் தேடினேன். அது என் கையில்தான் இருந்தது.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலையில் கூட்டாளி வீட்டுக்கே வந்துவிட்டான், ஒரு காலி டப்பாவோடு. அவன் மனைவிக்குக் குதிகால் வெடிப்பாம்.

"செஞ்சு குடு. கடையில வாங்கினேன்னு சொல்லிக்கிறேன்."

"உன் பெண்டாட்டி காலுக்கு நீயே கிண்டு" என்று கரண்டியை அவன் கையில் திணித்தேன்.

தெருவை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "கதவைச் சாத்திக்கலாமா?" என்றான்.

"திறந்தே இருக்கட்டும்" என்றாள் என் மனைவி.