டப்பாவில் சிரிக்கிற அப்பா

என் மகன் மனூசோஸுக்கு அம்மா எழுதுவது, மாதா கிருபையில் நானும் ஆடுகளும் சுகம், மெல்போர்னில் உன்னையும் அவளே காக்கட்டும். அப்பா சுகமா என்று கேட்பாய், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், உட்கார்ந்து படி.

ஈஸ்டருக்கு முந்தின நோன்பில் நகரத்திலிருந்து ஒரு டாக்டர் பெண் நோட்டும் ஊசியுமாக வந்தாள், கிரீட் தீவுக்காரர்கள் எதைத் தின்று இதயத்தைக் காப்பாற்றுகிறார்கள் என்று பார்க்கவாம். வீட்டில் அப்போது காட்டுக்கீரை, பயறு, நோன்புக்கு விலக்கில்லாத நத்தை, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். எப்பவும் இதுதானா என்று கேட்டாள். நோன்பு என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா மீசையைத் தடவிக்கொண்டு, எங்க தாத்தா காலத்துலேர்ந்து இதேதான் என்றார். நோன்பு நாளில் பொய், ஆண்டவர் குறித்துக்கொண்டிருப்பார்.

ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி உடம்புக்குள்ளும் பிடிக்கும், கீரையும் எண்ணெயும் அதைத் தடுக்கும், உங்களுக்குத் துரு ரொம்பக் குறைவு என்றாள். போதாதா? துருப்பிடிக்காதவனுக்கு மாத்திரை எதுக்குடி என்று, ஆறு வருஷமாகத் தின்ற இதய மாத்திரையை மாதா படத்துக்குப் பின்னால் செருகிவிட்டார். எண்ணெய்ச் சங்கத் தலைவர் சிஃபிஸ் உன் அப்பா முகத்தைப் படம் பிடித்து, துருப்பிடிக்காத இதயம் என்று எண்ணெய் டப்பாவில் ஒட்டினார்.

ஈஸ்டர் வந்தது. எட்டு நாள் ஆட்டுக்கறி, சுட்ட குடல், பாலாடைக்கட்டிப் பணியாரம், கீரைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஒன்பதாம் நாள், சங்கத்தில் எல்லாருக்கும் முதல் டப்பாவைத் தூக்கிக் காட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பயப்படாதே, ஆஸ்பத்திரியில் ரத்தக் குழாய்க்குள் சின்னக் கம்பிச்சுருள் வைத்துப் பிழைக்கவைத்துவிட்டார்கள். அங்கே அந்த டாக்டர் பெண்ணிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். தலையில் கைவைத்துக்கொண்டு, அம்மா, அந்தக் கீரையும் பயறும் நல்லதுதான், ஆனா வருஷம் பூரா சாப்பிடணும், மாத்திரையும் விடக் கூடாது என்றாள். சிஃபிஸ் திராட்சையோடு வந்து, வெளிய யாராவது கேட்டா வாயுப்பிடிப்புன்னு சொல்லுங்க அக்கா, டப்பா கப்பல் ஏறிடுச்சு என்றார்.

வீட்டுக்கு வந்தும் இந்த மனுஷன் மாத்திரையைத் தொடவில்லை. டப்பால சிரிக்கிறவன் மாத்திரை முழுங்கினா ஊர் சிரிக்காதா என்கிறார். இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். நீ சொன்னால்தான் கேட்பார், ஞாயிறு பூசை முடிந்ததும் போன் பண்ணு, மறக்காதே.

நன்றாக இரு, மெழுகுவர்த்தி ஏற்று. அங்கே கடையில் அந்த டப்பாவைப் பார்த்தால் வாங்காதே. படத்தில் சிரிக்கிறவரைத் திட்டுவதை என் ஒருத்தி தலையில் விட்டுவிடாமல் நீயும் கொஞ்சம் திட்டு.

உன் அம்மா
எவ்தோக்கியா