நெஞ்சுப் படத்தில் ஒரு பிக்கப் வண்டி

மார்ச் 2, ஞாயிறு

அலமாரியின் மேல்தட்டைத் துடைத்தேன். பழைய பிக்கப் வண்டிகளின் சின்ன மாதிரிகள், எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்குபவை. ஒவ்வொன்றாகத் துணியால் ஒற்றி எடுத்து வைப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "பேரன் பேத்தி எடுக்கிற வயசுல பொம்மைக்குத் தலை வாரி விடுறியா?" என்றார். கேலிதான், கோபமில்லை. ஆனாலும் நாத்தனார் வந்தால் நான் அலமாரிக் கதவைச் சாத்திவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் இது தெரியாது. தெரியவும் வேண்டாம். எக்ஸ்ரே அறையில் என் பேச்சுக்கு ஒரு மரியாதை இருக்கிறது.

வட்டமூக்கு மட்டும் இன்னும் கையில் சிக்கவில்லை.

மார்ச் 5

மறுபடி கோட்டை விட்டேன். வட்டமூக்கு என்பது நாங்கள் வைத்த செல்லப் பெயர். உருண்ட முன்பக்கம், பின்னால் மரச்சட்டம் அடித்த மாதிரி ஒரு தொட்டி. அதைச் செய்த கம்பெனி ஒரே வருஷத்தில் மூடிவிட்டது. எங்காவது ஒன்று விற்பனைக்கு வந்தால் பல்லிக்கு மூக்கில் வியர்த்துவிடும். பல்லி எங்கள் சேகரிப்பாளர் குழுவில் ஒருவர், எந்நேரமும் செல்போன் திரையில் ஒட்டிக்கொண்டிருப்பவர். இன்று நான் கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் அவர் வாங்கி முடித்திருந்தார்.

மார்ச் 11

கிடைத்துவிட்டது! பழைய சாமான் கடையில், உடைந்த இஸ்திரிப் பெட்டிக்குப் பின்னால். பச்சை நிறம்.

ஒரே ஒரு சந்தேகம். கூரையைத் தாங்கும் தூணில் பெயின்ட் கொஞ்சம் தடிப்பாக இருக்கிறது. உடைந்ததைப் பிசின் வைத்து நிரப்பி மேலே பூசியிருப்பார்களோ? அப்படியென்றால் வாங்கிப் பிரயோஜனமில்லை. கடைக்காரர் நல்ல மனிதர். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் நிதானமா பாருங்க. ஆனா நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லிடணும், இன்னொருத்தரும் கேட்டிருக்காரு" என்றார். பல்லிதான், வேறு யார்? பூதக்கண்ணாடி வைத்துக் கண் வலிக்கப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

மார்ச் 12

செய்யக் கூடாத காரியம் ஒன்றைச் செய்தேன். ஆனால் சந்தோஷமாக இருக்கிறது, என்ன செய்ய?

குருவி சாப்பிடப் போயிருந்தாள். மூன்று மாதத்துக்கு முன்னால் சேர்ந்த பெண், குள்ளமாக, படபடவென்று இருப்பதால் அந்தப் பெயர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அறையில் நான் மட்டும். வட்டமூக்கைப் பையிலிருந்து எடுத்து எக்ஸ்ரே மேசையில் வைத்தேன். நோயாளி பெயர் இல்லாமல் மெஷின் படம் எடுக்காது. வரிசையில் அடுத்து இருந்த இருமல்கார அம்மாளின் பெயரைத் தட்டினேன். பார்த்தவுடன் அழித்துவிடலாம் என்றுதான்.

படம் வந்தது. பிசின் இருந்தால் அந்த இடம் கறுப்பாகத் தெரியும். கறுப்பே இல்லை. தூண் முழுசாக, வெள்ளை வெளேரென்று நின்றது. அசல்! அந்த நேரம் பார்த்து ஸ்ட்ரெச்சரில் கால் முறிந்த ஒருவரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வண்டியைப் பைக்குள் போட்டுவிட்டு அவரைக் கவனித்தேன். குருவி திரும்பி வந்ததும் அறையை அவளிடம் விட்டுவிட்டுக் கடைக்கு ஓடிப் பணத்தைக் கட்டினேன்.

மார்ச் 13

அழிக்க மறந்துவிட்டேன். கடவுளே.

நேற்று நான் போன பிறகு குருவி அந்த அம்மாளுக்கு நெஞ்சுப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். டாக்டர் அதை அம்மாளின் மகன் முன்னாலேயே திறந்திருக்கிறார். முதலில் வந்தது பிக்கப் வண்டி. "எங்கம்மா நெஞ்சுக்குள்ள என்ன, லாரியா ஓடுது?" என்று மகன் கத்தினாராம். எந்தப் படத்தையும் நம்ப முடியாமல் டாக்டர் மறுபடி எடுக்கச் சொல்ல, அந்த அம்மாள் சாயங்காலம் வரை இருமிக்கொண்டே பெஞ்சில் கிடந்திருக்கிறார்.

மெஷின் குருவியின் பெயரில் திறந்திருந்ததால் வண்டிப் படத்தையும் அவள் எடுத்ததாகவே பதிவாகியிருந்தது. காலையில் அவள் திறந்ததை நான் மாற்றவில்லை. போதாக்குறைக்கு அவளுக்குக் கைக்குழந்தை வயது தாண்டிய ஒரு மகன். பொம்மை என்றால் பிள்ளைக்காரியுடையதுதானே? பெரிய டாக்டர் எங்கள் எல்லோர் முன்னாலும் அவளைக் கேட்டார்: "புள்ளையோட பொம்மைய வச்சு விளையாட இதென்ன உன் வீடா?"

"சத்தியமா நான் இல்ல சார்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. ஏன்? மெமோவுக்குப் பயமா? அதுகூட இல்லை. மேடம் பொம்மை வச்சு விளையாடுறாங்களாம்னு வார்டு வார்டாச் சிரிப்பாங்களே, அதுக்கு. இதுக்காடி வாயை மூடிட்டு நின்னே? சீ!

மார்ச் 14

அலமாரியைத் திறக்கவில்லை.

மார்ச் 17

குருவி கண் வீங்கி வந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் எழுதித் தர வேண்டுமாம். இல்லையென்றால் வேலை கிடையாதாம்.

"அக்கா, எம் பையன்கிட்ட இருக்கிறதெல்லாம் பிளாஸ்டிக். படத்துல இருக்கிறது மெட்டல், பாத்தாலே தெரியுது. நான் சொன்னா யாரு கேக்குறா? நீங்க எனக்காக ஒரு வார்த்தை சொன்னா பெரிய டாக்டர் கேப்பாரு."

என்னிடமே வந்து கேட்கிறாள். "பாக்கலாம்மா" என்றேன். பாக்கலாமாம்! என்ன ஜென்மம் நான்? கூனிக் குறுகி, யாரும் புழங்காத பழைய இருட்டறை மூலையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மார்ச் 18

சொல்லிவிட்டேன். பெரிய டாக்டர் நம்பவில்லை!

"சின்னப் பொண்ணு வேலை போயிடக் கூடாதுன்னு பழியத் தூக்கி உங்க மேல போட்டுக்கிறீங்க. பெரிய மனசு மேடம் உங்களுக்கு" என்று டீ வரவழைத்துக் கொடுத்தார். இன்னொரு தடவை சொன்னேன். சிரித்தார். "நீங்க பொம்மை வண்டி வாங்குறீங்கன்னா யாரு நம்புவா?"

வெளியே வந்தபோது கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்தது. சொல்லியாச்சு, நம்பாதது அவர் பாடு என்று. அந்த நிம்மதிதான் இதுவரை நான் செய்ததிலேயே அசிங்கம்.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கேலி செய்யவில்லை. "வண்டியக் கொண்டுபோய் அவர் மேசை மேல வை. வேற வழி இல்ல" என்றார்.

மார்ச் 19

வைத்தேன். திரையில் படம், கீழே வண்டி. ஒரு பக்கம் லேசாகக் கோணிய அச்சு, அடியில் இருக்கும் ஆணித்தலை, எல்லாம் அச்சு அசலாகப் பொருந்தின. பெரிய டாக்டர் வண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. குருவியைக் கூப்பிட்டார்கள். வாசலில் நர்சுகள் கூட்டம்.

குருவி படத்தைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நான் உங்ககிட்ட வந்து அழுதப்பவும் இது உங்க வீட்டுலதான் இருந்துச்சா?"

"ஆமா."

வேறு எதுவும் கேட்காமல் போய்விட்டாள். திட்டியிருக்கலாம்.

மார்ச் 24

மெமோ வந்தது. அறைப் பொறுப்பிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். நான் நடந்து போனால் வார்டு பையன்கள் பின்னால் "பாம் பாம்" என்று ஹார்ன் அடிக்கிறார்கள். இதற்குத்தானே அன்று அவ்வளவு பயந்தேன்? அடித்துவிட்டுப் போகட்டும், வலிக்கவே இல்லை.

ஏப்ரல் 9

குருவிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்துக்கொண்டே வந்தாள். என்னைத் தாண்டிப் போய்விடுவாள் என்று நினைத்துக் குனிந்து ஏதோ எழுதுகிற மாதிரி இருந்தேன். தாண்டவில்லை. டப்பாவை என் முன்னால் நீட்டினாள்.

"எடுத்துக்குங்க மேடம்" என்றாள். அக்கா என்று கூப்பிடவில்லை.

எடுத்துக்கொண்டேன்.