அதிர்ஷ்ட முதுகு

அன்பிற்குரியவளுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். நீ நலமாக இருப்பதை டி.வி.யிலேயே பார்த்துவிட்டதால், அதைக் கேட்டு எழுத வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது. முடியைக் கொஞ்சம் குட்டையாக வெட்டியிருக்கிறாய். நன்றாகத்தான் இருக்கிறது.

முதலில் வீட்டுச் செய்தி. சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. மகளுக்குக் கணக்கில் நல்ல மதிப்பெண்; கையெழுத்து மட்டும் என்னைப் போல. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அதனால் கடைக்கு வந்து என்னை மேற்பார்வை பார்க்கிறார். வெயில் காலமாதலால் பழுதான ஃப்ரிட்ஜ்கள் கடை வாசல்வரை நிற்கின்றன. நேற்று ஒருவர் தன் ஃப்ரிட்ஜ் எங்கே என்று கேட்டார். அதன்மேல்தான் அவர் சாய்ந்துகொண்டிருந்தார்.

இனி ஹாக்கி அரையிறுதி. இதைப் போனிலேயே பேசியிருக்கலாம். அன்று மாலை நீ அழைத்து, நாம் ஜெயித்துவிட்டோம் என்று சொன்னபோது, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன். குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

நம் துறைமுக அணி ப்ளே-ஆஃப் போகும் என்று யார் நினைத்தது? வருஷா வருஷம் பட்டியலின் அடியில் கிடந்த அணி. இந்த முறையும் கடைசி நாளில் வேறொரு அணி தோற்றதால்தான் நான்காவது இடம் கிடைத்தது. பக்கத்துக் கடைக் கடிகாரக்காரர் அதை நம்பாமல், பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோமா என்று திருப்பிப் பார்த்தார்.

அரையிறுதி அன்று டி.வி.யை ஒரு ஃப்ரிட்ஜின் தலையில் ஏற்றி வைத்தோம். ஒன்றுக்கு ஒன்று சமம். முடிய ஒரு நிமிடம்கூட இல்லாதபோது நமக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. நான் வழக்கம்போல் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டேன். நான் பார்த்தால் கோல் விழாது என்பது உனக்குத் தெரியும். கல்யாணமான வருஷத்திலிருந்து நான் திரும்பி நிற்பேன், நீ பார்த்துச் சொல்வாய். கோல் என்றால் தோளில் இரண்டு தட்டு, இல்லையென்றால் ஒன்று. முதல் தட்டுக்கும் இரண்டாவதற்கும் நடுவில் வேண்டுமென்றே தாமதிப்பாய். அந்த நேரத்தில் எனக்கு உயிர் போய் வரும். உனக்கு ஹாக்கி பிடிக்காது. கோல் கீப்பர் இரண்டு மெத்தையைக் காலில் கட்டிக்கொண்டு நிற்கிறார் என்பாய். ஆனால் தட்டுவதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. நீ அந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போனபோதுதான் மகளிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்தாய்.

பந்து கோல் பலகையில் மோதும் சத்தம் டி.வி.யில் கேட்டது. கடையே கத்தியது. என் தோளில் தட்டு வரவில்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன். பிறகு மகள் சொன்னாள்:

“அப்பா, அம்மா அவருக்கும் தட்டுறாங்க.”

திரும்பினேன். டி.வி.யில், பார்வையாளர் வரிசையில், மைதானத்துக்கு முதுகைக் காட்டியபடி, கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் நிற்கிறார். பக்கத்தில் நீ. அவர் தோளில் உன் கை. ஒரு தட்டு. அந்தத் தாமதம். அப்புறம் இன்னொன்று. தாமதத்தைக்கூட நீ விடவில்லை.

டி.வி.காரர்களுக்கு அது மிகவும் பிடித்துப்போய்விட்டது. கோலைக் காட்டியதைவிட அதிகமாக அந்த மனிதரைத்தான் காட்டினார்கள். மறுநாள் பேப்பரிலும் படம் வந்தது. கீழே, ‘துறைமுக அணியின் அதிர்ஷ்ட முதுகு’ என்று போட்டிருந்தார்கள். உன் கை படத்தில் பாதிதான் வந்திருக்கிறது. மோதிரத்தை வைத்து நான் கண்டுபிடித்தேன்.

அவர்தான் நீ சொன்ன எக்ஸ்ரே பிரிவுக்காரர் என்று நினைக்கிறேன். டிக்கெட் வாங்கிக் கொடுத்தவர், நல்ல மனிதர், எல்லோருக்கும் உதவி செய்பவர். துறைமுக அணியின் சட்டை என்ன நிறம் என்று உன்னிடம் கேட்டவரும் அவர்தானே? நாலு வாரத்துக்கு முன்னால் நிறம் தெரியாதவர் இன்று அதிர்ஷ்ட முதுகு. மழையிலும் தோல்வியிலும் இத்தனை வருஷம் திரும்பி நின்ற முதுகு இங்கே ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கம்ப்ரசர் மாட்டிக்கொண்டிருக்கிறது.

பேப்பரை நான் நெடுநேரம் பார்ப்பதைக் கவனித்துவிட்டு உன் அம்மா சொன்னார்: “அவ கை வச்சது தோள்லதான் மாப்பிள்ளை. பேப்பர் ஓட்டையாயிடப் போகுது, கீழ வைங்க.” உன் வீட்டு மனிதர்கள் எப்போதும் உன் கட்சி.

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்துக்கு நீ போகவேண்டாம் என்று எழுதிவிடலாமா என்று கடிகாரக்காரரிடம் கேட்டேன். அவர் கடிகாரம் பார்க்கும் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுத்தார். “வாயை மூடிக்கிட்டு இருங்க. ஜெயிச்ச ஏற்பாட்டை எவனாவது கலைப்பானா? ஞாயித்துக்கிழமை வரைக்கும் அந்த மனுஷனுக்கு ஒரு தும்மல்கூட வரக்கூடாது” என்றார். தெருவில் எல்லோருக்கும் அதே பேச்சு. நேற்று நானே, அந்த ஊரில் மழை என்று செய்தியில் கேட்டதும், அவர் நனையாமல் வீடு போய்ச் சேர வேண்டுமே என்று கவலைப்பட்டேன். அப்புறம் எனக்கே என்மேல் கோபம் வந்தது.

இன்னொன்று. பயிற்சி முடிந்ததும் இன்னும் ஒரு வருஷம் அங்கேயே இருக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள் என்று போன வாரம் போகிறபோக்கில் சொன்னாய். நானும் போகிறபோக்கில் உன் இஷ்டம் என்றேன். நீ அவர்களுக்கு என்ன பதில் சொன்னாய் என்று இதுவரை சொல்லவில்லை. நல்ல வேலை, நல்ல சம்பளம். நான் மறுக்கவில்லை. உன் இஷ்டம் என்று சொன்னது மட்டும் உண்மை இல்லை. டி.வி.யில் உன்னைப் பார்த்த அன்றுதான் அது எனக்கே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை போய் வா. அதே இருக்கையில் உட்கார். அவர் திரும்பி நிற்கட்டும். துறைமுக அணிக்காக அதைக்கூடப் பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் பெனால்டி கார்னர் என்று நடுவர் கை காட்டியதும் எனக்குப் போன் போடு. நான் சுவரைப் பார்த்தபடி காதில் வைத்துக்கொண்டு நிற்பேன். டி.வி. சத்தத்தைக் குறைத்துவிடச் சொல்லியிருக்கிறேன். அவரைத் தட்டுவதற்கு முன்னால் எனக்குச் சொல். போனை இரண்டு முறை விரலால் தட்டினாலும் போதும், கேட்கும். நடுவில் எவ்வளவு வேண்டுமானாலும் தாமதித்துக்கொள்.

மகள் இனிமேல் தட்டமாட்டாளாம். அது அம்மாவின் வேலை, அம்மா வந்து செய்யட்டும் என்கிறாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். அந்த எக்ஸ்ரேகாரரையும் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல். தோற்றாலும் ஜெயித்தாலும் பயிற்சி முடிந்ததும் வந்துவிடு.

சுவரைப் பார்த்து நிற்கும்,
உன் கணவன்