மற்ற மூன்று பிடி

அன்புத் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கனமூலையில் நேற்று நல்ல மழை. வாப்பாவின் கபுறு மண் குளிர்ந்து கிடக்கிறது.

நெஞ்சுவலியில் மௌத்தானவரின் இரத்தத்தில் கொரோனாவை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பிறபொருளெதிரி இருக்கிறதென்று ஆஸ்பத்திரியில் சொன்னதும் உனக்குத்தான் போன் எடுத்தேன். கொரோனா என்றால் சட்டப்படி மண்ணில் அடக்க விடமாட்டார்கள், நெருப்புக்குத்தான். அதற்கான சொல்லை எழுத இப்போதும் கை வரவில்லை.

விமானம் இல்லாமல் கட்டாரில் மாட்டிக்கொண்டிருந்த நீதான், டொக்டரிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, அழாமல் கதைத்தாய்.

“டொக்டர், சாதாரண சளி, தடிமன் வைரஸ் சிலதும் கொரோனாட குடும்பம்தான். வாப்பாக்கு போன மாசம் தடிமன். அதுக்கு உடம்புல உண்டான எதிரியையும் இந்தச் சோதனை கொரோனாண்டு காட்டலாம். மூக்குல மாதிரி எடுத்து, வைரஸ் இருக்காண்டு பாருங்க.”

“ஓம், அப்பிடியும் நடக்கும்” என்றார் அவர். மூக்கில் எடுத்துப் பார்த்தார்கள். வைரஸ் இல்லை. ஜனாஸாவைத் தந்துவிட்டார்கள்.

உன்னைப் பற்றி ஊரெல்லாம் பெருமையடித்துத் திரிந்தவர் வாப்பா. இனி அந்த வேலை என்னுடையது.

கபுறில் ஆளுக்கு மூன்று பிடி மண் போடுவோமே, நான் நிறுத்தாமல் போட்டுக்கொண்டிருந்தேன். பள்ளிவாசல் மோதினார் கையைப் பிடித்து, “மூணு போதும் தம்பி” என்றார்.

“மத்த மூணும் என்ட தங்கச்சிட” என்றேன். கையை விட்டுவிட்டார்.

உன் நானா