சித்தப்பா வீட்டுச் சுவர் வழியாக ஒரு வயர்

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முட்டிவலி குறைந்ததா?

ஊருக்கு வயர் இன்டர்நெட் வந்த பிறகும், டவர் இணைப்பே போதும் என்று பிடிவாதம் பிடிக்கிறீர்கள். காரணம் எனக்குத் தெரியும். வயர் சித்தப்பா வீட்டுச் சுவரைத் தாண்டி வர வேண்டும்; அவரோடு உங்களுக்குப் பதினோரு வருடமாகப் பேச்சில்லை.

போன ஞாயிறு வீடியோவில் பேசும்போது, நெஞ்சில் கைவைத்தபடி உங்கள் முகம் திரையில் அப்படியே நின்றுவிட்டது. டவர் போயிருக்கும் என்று தோன்றவே இல்லை. நர்ஸாக இருந்தும் மாரடைப்பு என்றே நினைத்துவிட்டேன். திரும்பக் கூப்பிட்டால் உங்கள் போனுக்கு அழைப்பு போகவில்லை. வயர் இணைப்பு வைத்திருக்கும் சித்தப்பாவைத்தான் கூப்பிட்டேன். அவர் சுவரேறி எட்டிப் பார்த்தார்.

“அண்ணனுக்கு ஒண்ணுமில்லம்மா. போனைத் தட்டித் தட்டித் திட்டிக்கிட்டு இருக்காரு. நான் பார்த்தேன்னு மட்டும் சொல்லிடாதே.”

ஓடிப்போய்ச் சுவரேறியதில் அவருக்கு மூச்சு வாங்கியது.

ஆனாலும் உங்களிடம் சொல்லிவிட்டேன். வயருக்காக அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், அப்பா. வயர் வந்ததும் நீங்கள் என்னிடம் பேசக்கூட வேண்டாம். போனைச் சமையலறையில் வைத்துவிட்டு உங்கள் பாட்டுக்கு வேலையைப் பாருங்கள். நான் சாப்பிடும்போது பாத்திரச் சத்தம் கேட்டால் போதும்.

வார்டில் மணி அடிக்கிறார்கள். ஓடுகிறேன்.

உங்கள் மகள்